நலமறிந்து மகிழ்ந்த கடிதம்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதிலும் கணினி படித்த மடையன் என்பதால் சேதம் கொஞ்சம் கூடுதல்.

சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனத்துக்காக, மட்டக்களப்புக் கரையோரக் குடும்பங்களின் விபரங்களைக் கணினியில் ஏற்றியவன் நான். யுத்தம் முடிந்து தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளரின் அலுவலகத்தில் சேர்ந்து, அந்தப் பட்டியலையே தூக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் பெயர் போட்டு, ‘தாங்கள் நலமாயிருப்பது அறிந்து மகிழ்ச்சி’ என்று தொடங்கும் கடிதம் போனது. அந்த வரியும் என் கைவண்ணம்தான். பெரிய விண்ணன், கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மூன்றாம் நாள், குருக்கள்மடத்திலிருந்து ஒரு பெண் கடிதத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

“தம்பி, இது என்ட மனிசன்ட பேர். சண்டைக்குள்ள காணாமப் போனவர். நலமா இருக்கார் எண்டு எழுதியிருக்கிறீங்க. எங்க கண்டீங்க?”

நான் கணினியில் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன்.

“ஆரும் காணல்ல அக்கா. வீட்டுக்கெண்டு அவர் முந்தி நிரப்பித் தந்த படிவத்தில இருந்த பேர்.”

அவர் கடிதத்தை மெதுவாக மடித்தார். வீடு கேட்டுத் தந்த பெயரை வைத்து நான் வாக்குக் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றும் ஒரு பெயர்ப் பட்டியலைத் திறந்தால் எனக்குக் கூச்சந்தான் வருகிறது.

ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, “அவர்ட பேர இப்பவே அழிச்சிர்றன் அக்கா” என்றேன்.

“அழிக்க நீ ஆர் தம்பி?”