பத்ரிக்குப் போகும் உள்நிஜார்

பங்குனிச் சனிக்கிழமை காலை 6.10க்கு மாமல்லபுரம் பஸ் செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டது. தூரம் பதினெட்டு மைல், கட்டணம் பத்தணா. பக்கத்தில் என் சகலை முனுசாமி, மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் செய்பவர். அவர் மடியில் முந்தின நாள் செங்கல்பட்டு பஜாரில் வாங்கிய இரண்டு துணிகள்: பருத்தி பிளானல், கெஜம் ஒன்றே முக்கால் ரூபாய்; கம்பளி, கெஜம் ஐந்தரை ரூபாய்.

வைகாசியில் அவர் பத்ரிநாத் போகிறார். அந்த யாத்திரைக்கு நான்கு வருஷமாக நோட்டில் குறிப்பெடுத்து வந்தவன் நான். எந்தச் சத்திரம், எத்தனை மைல் ஏற்றம், எங்கே மழை என்று எல்லாம் அதில் உண்டு. தாலுகா ஆபீசில் வருஷாந்தர வரிக்கணக்கு பார்க்கும் ஜமாபந்தி சமயம் என்று எனக்கு லீவு இல்லை. அவரோ ஒரே வாரத்தில் முடிவெடுத்துவிட்டார். குளிருக்கு வேட்டிக்குள் அணியக் கணுக்கால் வரை நிஜார் தைக்க வேண்டும், எந்தத் துணி நல்லது என்று என்னிடமே கேட்டார். வயிறு எரிந்தது. ஆனாலும் வந்தேன்.

காலை 8.00. மாமல்லபுரம். துணிகளைச் சோதிக்க வடக்கே சாளுவன்குப்பம் வரை மூன்று மைல் மணலில் நடப்பது என் ஏற்பாடு. முனுசாமியின் இடது காலில் பிளானலையும் வலது காலில் கம்பளியையும் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, ஒரு காலுக்குதான் ஜுரமா?"

"ரெண்டுல எது பத்ரி போவும்னு பாத்துகினு கீறோம் நைனா!" என்றார் முனுசாமி.

காலை 9.40. சாளுவன்குப்பம். வலது கால் சிவந்திருந்தது.

"கம்பளி கடிக்குது அண்ணாத்த. பிளானலு பஞ்சாட்டம் கீது. இதுவே போதும்."

என் நோட்டில் ஐந்து சோதனைகள் எழுதியிருந்தேன். அரிப்பு, கனம், இழுப்பு, காற்று நான்கும் முடிந்திருந்தன. ஐந்தாவது, துணியை நனைத்துப் பார்ப்பது. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், நனைந்த கம்பளி அப்படிச் செய்யாது என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன். பத்ரி வழியில் மழை நிச்சயம். நோட்டை மூடினேன்.

"சரி, பிளானலே இருக்கட்டும்," என்றேன். ஒரு நாளாவது நடுங்கட்டும், அப்போது என்னை நினைக்கட்டும் என்றுதான் இருந்தது.

பகல் 12.45. மாமல்லபுரம் திரும்பி, செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம்.

"கமலாவுக்கும் இதுலயே ஒண்ணு தச்சுடலாம். அவளும் வரா. நீங்க சொன்னதுன்னா மறுபேச்சு பேச மாட்டா."

கமலா அவர் மனைவி, என் மனைவியின் தங்கை. அவளும் போகிறாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு இல்லாத பாக்கியம் என்பதுதான் முதலில் தோன்றியது. அவள் நனைந்த பிளானலோடு மலைப்பாதையில் நிற்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"முனுசாமி, இறங்குங்க."

"இன்னாத்துக்கு? இத வுட்டா ரெண்டு மணி நேரம் காஞ்சிகினு கெடக்கணும்!"

"ஒரு சோதனை பாக்கி இருக்கு."

பகல் 1.10. மறுபடி துணிகளைக் கட்டி, முழங்கால் ஆழம் கடலில் இறங்கச் சொன்னேன். கரையேறிக் காற்றில் நின்றார்.

"இடது காலு ஜில்லுனு கீது. இந்த வெயிலுக்கு இன்னா சொகம்!"

"அந்தச் சொகம் அங்கே ஆளையே தூக்கிடும். வலது கால்?"

"ஈரந்தான். ஜில்லுப்பு இல்ல." என் பக்கம் திரும்பினார். "இது காலைலயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு..." என்று ஆரம்பித்தவர், என் கக்கத்திலிருந்த நோட்டைப் பார்த்து நிறுத்தினார். பிறகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "பாழாப்போன ஜமாபந்தி."

பிற்பகல் 3.00 பஸ்ஸில் திரும்பினோம். பொறாமை தீர்ந்துவிட்டதாக எழுதினால் அது பொய். எங்கள் ஊரில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி யோசிப்பது கஷ்டம் என்று மட்டும் நோட்டில் எழுதினேன்.

மாலை 5.20. செங்கல்பட்டு தையல் கடை. இருவருக்கும் கம்பளி, கடிக்காமலிருக்க உள்ளே மெல்லிய மல் துணி. தையல்காரர் முனுசாமிக்கு அளவெடுத்தார்.

"கீழே ரெண்டு அங்குலம் கூடுதலா உள்ளே மடிச்சுத் தைங்க. கம்பளி சுருங்கும்," என்றேன்.

முனுசாமி என் கால்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"மூணு அங்குலமா மடிப்பா," என்றார் தையல்காரரிடம். "அடுத்த தபா இத போட்டுகினு போவப்போற அண்ணாத்த என்னவுட ஒசரம்."