மயில்சாமியின் அழிப்பு நிரல்

மயில்சாமி இறந்த செய்தி மாங்காய் விலைகளுக்கு நடுவே வந்தது. முதலமடை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் செந்தூரத்தின் விலை, அடுத்து "மீனாட்சிபுரம் கம்ப்யூட்டர் மயில்சாமி காலமானார்", அதற்குக் கீழே பங்கனப்பள்ளி விலை. யாரோ ஒருவர் மூன்றுக்கும் பொதுவாகக் கைகூப்பியிருந்தார். எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மயில்சாமியைப் பற்றிய வேறு பல விஷயங்களும் எனக்கு அப்படித்தான் இருக்கின்றன. அவரைப் பற்றி எழுதும்படி இந்தக் குழுவில் இருக்கும் நீங்கள் ஏன் என்னைக் கேட்டீர்கள் என்பது உட்பட.

எங்கள் இருவரையும் சேர்த்தே பார்த்தவர்கள் உங்களில் பலர். கோயம்புத்தூரில் ஒரே வகுப்பில் பொறியியல் படித்தோம். மீனாட்சிபுரத்தில் உரக்கடைக்கு மேலே அலுவலகம் போட்டு, மாம்பழத்தைப் படம் பிடித்துத் தரம் பிரிக்கும் மென்பொருளை மண்டிகளுக்கு எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் தரத்துக்கு ஒன்று, அதற்குள் படங்கள். பருவம் முடியும்போது கணினி மூச்சுத் திணறும். அத்தனையையும் அடியோடு துடைக்க ஒரு நிரல் தேவைப்பட்டது. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன் என்றார் மயில்சாமி.

"ரஸ்டுன்னா துருதானுங்க? நம்ம பொட்டிக்கு ஆகுமுங்களா?" என்று ஒரு மண்டிக்காரர் கேட்டார்.

"துருப்புடிச்ச கத்தியிலதான் பழத்தை அறுத்து ருசி பாக்கறீங்க. அது ஆகுதுல்லீங்க?" என்றார் மயில்சாமி.

அந்த மொழியில் ஒரு கோப்புறையை உள்ளிருப்பதோடு சேர்த்து அழிக்க ஒற்றைக் கட்டளை ஆயத்தமாகவே இருக்கிறது. அதை எடுத்துப் போடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "பாதியில நின்னா, நின்னுபோச்சுன்னு மட்டுந்தான் அது சொல்லும் மாப்ள. எங்க நின்னுதுன்னு சொல்லாது. என்ற புரோகிராம் சொல்லோணும்" என்றார். காலியாகாத கோப்புறையை நீக்க முடியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பதற்குப் போய், கோப்புகளை அழித்து, காலியானதை நீக்கி, ஒவ்வொரு படியாக வெளியே வர வேண்டும். வழியில் ஏதாவது மறுத்தால் அங்கேயே நின்று, இடத்தையும் காரணத்தையும் தமிழில் எழுத வேண்டும். இதற்காக ஒரு மழைக்காலம் முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டார். மண்டிக்காரர்களிடம் ஏச்சு வாங்கியது நான். அதை நான் மன்னித்ததில்லை.

இன்னொரு நாள் இணைப்புகளைப் பற்றிச் சண்டை வந்தது. ஒரு கோப்புறைக்குள் வேறெங்கோ இருக்கும் கோப்புறைக்கு வழிகாட்டும் இணைப்பு இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "பலகையில பேரெழுதி அம்பு போட்டிருந்தா, பலகையைப் புடுங்குனாப் போதும். அம்பு காட்டற ஊட்டுக்குள்ள பூந்து சாமானைத் தூக்கி வீசக்கூடாது" என்றார். பார்த்துவிட்டு நுழைவதற்குள் யாராவது கோப்புறையை எடுத்துவிட்டு இணைப்பை வைத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் தனியாகக் காவல் எழுதினார். "அந்த இமைக்கிற நேரத்துல ஆருடா வந்து மாத்தப்போறான்?" என்றேன். "ஆரும் வரமாட்டாங்க. வந்தா?" என்றார். இப்படிப்பட்டவரோடு தொழில் செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த பருவ முடிவில் அந்த நிரலை ஓட்டினார். மறுநாள் காலையில் என் படங்கள் இல்லை. கரும்புள்ளி, பூச்சிக்கடி, வெயில்பட்ட தோல் என்று பழம் பழமாகப் பார்த்து நான் பெயரிட்டு வைத்திருந்த கோப்புறை அது. என் உழைப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"அழிச்சிட்டயா?" என்றேன்.

"என்ற புரோகிராம் அழிக்கலை."

"அப்ப ஆரு அழிச்சது?"

"போயிப் பாரு."

திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அன்றே வெளியேறினேன். மீதியை நீங்கள் என் வாயிலிருந்தே கேட்டிருக்கிறீர்கள். கொல்லங்கோடு முதல் பொள்ளாச்சி வரை நான் சொல்லாத இடம் இல்லை. அவர் யாரிடமும் மறுத்ததாகக் காதில் விழவில்லை. மறுக்காதவன் செய்தவன் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்தபின் அவர் மனைவி பூங்கொடி கூப்பிட்டார். "அண்ணா, ஒருக்கா வந்துட்டுப் போங்கண்ணா. பொட்டி என்னமோ எழுதீட்டு அப்படியே நிக்குது. ஆரையும் தொடவுட வேண்டாமுன்னு சொன்னாரு."

போனேன். பழைய அலுவலகக் கணினி. நோய் முற்றிய நாட்களில், தன்னுடையது எல்லாம் போகட்டும் என்று மயில்சாமி தன் நிரலைத் தன் கோப்புறை மீதே ஓட்டியிருக்கிறார். திரையில் என் பெயர் கொண்ட கோப்புறையின் முகவரி. அதன் கீழே, "இங்கே நின்றேன். உரிமையாளர் வேறு. அனுமதி இல்லை."

திறந்தேன். அத்தனை படங்களும் இருந்தன.

என் பழைய இடம் நிரம்பியபோது அவற்றைப் பெரிய வட்டில் தன் கோப்புறைக்குள் மாற்றி, பழைய இடத்தில் ஓர் இணைப்பை விட்டிருக்கிறார். அன்று அழிந்தது இணைப்பு மட்டுமே. மாற்றியதை என்னிடம் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. சொன்னதை நான் கேட்கவில்லையா, அவர் சொல்லவே இல்லையா? இத்தனை காலம் ஊர் அவரைத் தூற்றியபோது ஒரு வரி விளக்கியிருக்கலாமே? கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தக் கணினியின் முழு அதிகாரமும் அவர் கையில்தான் இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால் என் கோப்புறையும் போயிருக்கும். ஏன் தட்டவில்லை?

"இதைப் பாத்துட்டு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாமுன்னு படுத்துட்டாருங்கண்ணா. அப்பறம் எந்திரிக்கவே இல்லை."

அசதியாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம்.

"உங்களுதை எடுத்துக்கிட்டு மத்ததை முடிச்சுக் குடுங்கண்ணா. எல்லாம் போகோணும்னு ஆசைப்பட்டாரு."

"என்னைப் பத்தி எதாச்சும் சொல்லுவாரா, பூங்கொடி?"

"பொய் சொல்லக்கூடாதுங்கண்ணா. உங்க பேரை எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. கடைசி வரைக்கும் உங்க மேல கோவமாத்தான் இருந்தாரு."

இது எனக்குப் புதிது. கோபப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று இருந்திருக்கிறேன்.

படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். என் பழைய கடவுச்சொல்லைப் போட்டு என் கோப்புறைக்கு அனுமதி கொடுத்து, அவருடைய நிரலை மறுபடி ஓட்டினேன். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் மயில்சாமி என்ற கோப்புறையும் போனது.

"என்னங்கண்ணா சொல்லுது?"

"முடிஞ்சுதாம்மா."

ஊருக்குத் திரும்பி அந்தப் படங்களைப் பார்த்தேன். முன்பு நான் புள்ளிகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது, ஒவ்வொரு பழத்தையும் கேமராவுக்கு நேரே யாரோ ஏந்திப் பிடித்திருக்கிறார்கள். கட்டைவிரலில் மாம்பால் பட்டுக் கறுத்த தழும்பு. மயில்சாமியின் கை. எல்லாப் படத்திலும் அதே கை, புள்ளி தெளிவாகத் தெரியும்படி பழத்தை என் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கைதான்.