சரக்குக் கலமும் தூக்குச்சட்டியும்

“ஓட்டுறதுக்கு ஆளே இல்லாத வண்டி. அதுல உனக்கு என்னம்மா வேலை?” என்று கேட்டார் அப்பா. இருபது வருடமாக அடுத்தவர் டிராக்டரை ஓட்டுகிறவர். கேட்கக்கூடிய ஆள்தான்.

விண்வெளிப் பொறியியல் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தக் கல்லூரி வடக்கே, இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அது நோன்பு மாதம். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனார். அதைக் குடித்தபடியே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செல்போனில் ஒரு வீடியோப் படம் காட்டினேன். ஆளில்லாத சரக்குக் கலம் ஒன்று, பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தை மெல்ல மெல்ல நெருங்கி ஒட்டிக்கொண்டது.

“அங்க இருக்கறவங்களுக்கு சாப்பாடு, தண்ணி, துணிமணி எல்லாம் இதுலதாம்மா போவுது.”

“பரவால்ல, இடிக்காம நிறுத்துது” என்றார் அப்பா.

“அப்புறம் காலி வண்டி திரும்பி வந்துருமா?” அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. அங்க சேர்ற குப்பைய அதுல அடைச்சு அனுப்பிடுவாங்க. வர்ற வழியில காத்துல உரசி எரிஞ்சு போயிடும்.”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. பக்கத்து வீட்டுத் தூக்குச்சட்டியை அவள் ஒருநாளும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசியாவது இருக்கும்.

“சோறு கொண்டுபோன பாத்திரத்துல குப்பையப் போட்டுக் கொளுத்துவாங்களா? இதையா படிக்கப் போற?”

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை.

“போனா திரும்பி வராதுன்னு சொல்லு” என்றார். அவர் பார்வை படத்தில் இல்லை, என்மேல் இருந்தது. இத்தனை நாள் அவர் எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவசரமாக இன்னொரு படத்தைத் தேடி எடுத்தேன். பாராசூட் விரித்துக் கடலில் இறங்கும் கலம். “எல்லாம் எரியாதுப்பா. இதுவும் ஆளில்லாத சரக்கு வண்டிதான். அங்க ஆராய்ச்சி பண்ணினதப் பத்திரமா ஏத்திக்கிட்டு திரும்பி வந்துரும்.”

இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். “அப்ப இந்த வண்டியப் படி.”

அம்மா கழுவிய தூக்குச்சட்டிக்குள் நாலு முட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கேயே உட்கார்ந்து, சேருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.

இப்போது விடுதியில் இருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. இங்கே கிளம்பி வரும்போது அம்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்த டப்பாவைக் கழுவித் துடைத்து, இந்த ஊர்ப் பால்பேடாவை நிரப்பிப் பைக்குள் வைத்துவிட்டேன்.