நிமிர்ந்துவிட்ட சிப்பிகள்

சூளை வைத்திருக்கும் பாஷா பாய். கிண்ணம் கேட்ட மேடம். என் மனைவி செல்வி. அப்புறம் நான். போன செவ்வாய் காலை, தண்டையார்பேட்டையில் சூளையைத் திறக்கும்போது இருந்தவர்கள் இவ்வளவுதான்.

உள்ளே பன்னிரண்டு பீங்கான் கிண்ணங்கள். எண்ணூர் கழிமுகத்தில் கிடக்குமே சிப்பி... அந்த வடிவம். ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கோணி. மெஷின் இல்லை, எல்லாம் கையால் பிடித்தது. மேடத்தின் ஹோட்டலுக்கு ஒத்துப்போனால் வருஷம் முழுக்க வேலை. இல்லையென்றால் பழையபடி வாட்ச்மேன் நாற்காலி.

பாய் கதவைத் திறந்தார்.

"இன்னா நைனா, சிப்பின்னு சொல்லி வெச்சே. டம்ளரா நின்னுகினு கீது!"

எட்டிப் பார்த்தேன். சாய்ந்ததெல்லாம் நிமிர்ந்திருந்தது. வாய் வட்டம். நான் வளைத்துத்தானே வைத்தேன்?

"மொதல்ல எப்டி புடிச்சே?" என்றார் பாய்.

"நேரா நிக்க வெச்சிட்டு அப்பால வளைச்சேன்."

"அதான். இந்த மண்ணு மொதல்ல நின்னதை மறக்காது. நெருப்புல போட்டா திரும்ப அங்கியே போவும்."

கம்பெனி மூடும்வரை இருபது வருஷம் இன்சுலேட்டர் செய்த கை இது. கரண்டுக் கம்பத்தில் வெள்ளையாக இருக்குமே, அது. ஒரு நூல் பிசகினாலும் உடைத்துப் போடுவார்கள். நேராகத்தான் ஆரம்பிக்கத் தெரியும். இப்போது கோணல் வேண்டுமாம். வளைத்தேன். மண் கேட்கவில்லை. தப்பு யார் மேல் — என் மேலா, மண் மேலா?

மேடம் ஒன்றை மட்டும் கையில் எடுத்தார். அது அப்படியே சிப்பி.

"இது மட்டும் எப்படி வந்துச்சு?"

வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"அது நான் பண்ணது," என்றாள் செல்வி. "காய வெச்சிருந்தியே, அதுல ஒண்ணு என் கை பட்டு உடைஞ்சிடுச்சு. நீ திட்டுவியேன்னு பதிலுக்கு ஒண்ணு வெச்சேன். நேரா நிக்க வெக்கல்லாம் எனக்கு இன்னா தெரியும்? உருண்டைய உள்ளங்கைல வெச்சு அமுக்கினேன். கோணலாத்தான் வந்துச்சு."

"சொல்லவே இல்லியே?"

"நீ கேக்கவே இல்லியே."

பாய் சிரித்தார். "எல்லாத்தையும் உடைச்சிருக்கலாம்மா நீ!"

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "அக்கா, மிச்சத்தையும் நீங்களே செஞ்சு தர்றீங்களா?"

செல்வி தலையாட்டினாள்.

ஆக, வேலை கிடைத்துவிட்டது. யாருக்கு? எனக்கா, அவளுக்கா? சந்தோஷப்படுவதா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா... இதை எழுதும்போதும் புரியவில்லை. இப்போது மண் பிசைந்து கொடுப்பது நான். பிடிப்பது அவள்.

பாக்கி பதினொன்று.