ஆவாரம்பூவுக்கு ஆறு இதழ்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது அத்தைதான், அப்பாவின் கடைசித் தங்கை. கடம்பூரில் பாசஞ்சர் ரயிலேறிக் கோவில்பட்டிக்குப் போய்த் தாவரவியல் படித்தாள். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை செடிகொடியைப் பற்றித் தெரிந்துகொள்ளக் காலேஜுக்குப் போவானேன் என்று ஊரில் கேட்காதவர்கள் குறைவு. அப்பாவும் ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பியிருந்தார்: ஒரு பேப்பர் தவறினாலும் படிப்பு நின்றுவிடும், கல்யாணம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட வேண்டும். எனக்கு அந்த வேலை அறவே பிடிக்காது. படம் வரையச் சொன்னால் சோறு தண்ணீர் வேண்டாம். அத்தை நேரெதிர். பசையும் தாளும் அவள் விரலில் பறக்கும், பென்சிலைப் பிடித்தால் கை கோணும். ஆகவே நாங்கள் இருவரும் மனமொத்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். என் பங்குப் பெட்டிகளை அவள் ஒட்டுவாள், அவளுடைய ரெக்கார்டு நோட்டில் நான் வரைவேன். பூவை அறுத்துப் பார்த்தும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் வரைய வேண்டிய படங்களை, முந்திய வருடம் படித்த ஓர் அக்காவின் நோட்டைப் பார்த்து வரைந்து தள்ளினேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அத்தையின் மேடம் சிவப்பு மையில் ‘வெரி குட்’ எழுதியிருப்பார். அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன்.

பிராக்டிகல் பரீட்சை நெருங்கிய சமயம், செடி சேகரிப்பதற்காக அந்த மேடமே வகுப்பைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கரிசல் காட்டுக்கு வந்தார். மற்ற மாணவிகள் புளியமரத்தடியில் சாப்பிட உட்கார, அத்தை மேடத்தை மட்டும் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அம்மா மோர் கொடுத்தாள். வாசலுக்கு எதிரே பூத்து நின்ற ஆவாரஞ்செடியைக் காட்டி மேடம், “உங்க நாத்தனார் இந்தப் பூவை எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கா தெரியுமா?” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அத நாந்தான் வரைஞ்சேன். அஞ்சு இதழு பாக்க நல்லாயில்லன்னு ஆறாப் போட்டேன்!”

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானோ இன்னொரு வெரி குட்டுக்காகக் காத்திருந்தேன்.

“ஆறா? நானும் எண்ணிப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் அத்தையிடம், “நாளைக்கு நோட்டை எடுத்துக்கிட்டு வந்து என்னைப் பாரும்மா” என்றார்.

மறுநாள் அத்தை ஒன்றும் எழுதாத புது நோட்டோடு திரும்பினாள். எல்லாப் படங்களையும் அவளே, செடியைப் பார்த்து, மறுபடி வரைய வேண்டும். இல்லாவிட்டால் மேடத்தின் கையெழுத்துக் கிடைக்காது. கையெழுத்து இல்லாத நோட்டோடு பரீட்சைக்கு உட்கார முடியாது. இதை அவள் ஒளிக்காமல் அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்குக் குற்றம் என்னவென்றே பிடிபடவில்லை.

“படந்தான? யாரு வரைஞ்சா என்னட்டி? ரெண்டு பெட்டி போளி வாங்கிட்டுப் போயி நான் அவியகிட்ட பேசிட்டு வாரேன்.”

“நீங்க போனீயன்னா நான் அதுக்கப்புறம் காலேஜுக்கே போகமாட்டேண்ணே. நான் செஞ்சது களவு. அவிய பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுத்திருந்தா இந்த வருசமே போயிருக்கும். திரும்ப வரைன்னு விட்டிருக்காவ.”

களவு என்றால் எனக்கு ஆட்டுக் களவுதான் தெரியும். யாருடைய ஆடும் தொலைந்ததாகத் தெரியவில்லை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆனால் அடுத்த நாள் ஆடு பத்திவிட்டு வரும்போது, ஒரு கட்டு ஆவாரங்கொப்பை ஒடித்து வந்து அவள் முன்னால் போட்டார். “போதுமா, இன்னும் வேணுமா?”

அதிலிருந்து என் பங்குத் தீப்பெட்டியை நானே ஒட்டும்படி ஆயிற்று. அத்தை வரைந்தாள், அழித்தாள், தாள் கிழியும்வரை அழித்தாள். அவள் போட்ட பூ இட்லி மாதிரி இருந்தது. பரிதாபப்பட்டு, “குடுங்க அத்தே, நான் ஒரே நாள்ல முடிச்சுத் தாரேன்” என்று பென்சிலை வாங்கப் போனேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

“இல்ல தங்கம். நாந்தான் வரையணும்.”

இதழ் கூடிப்போனதால் என் படம் அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். கரித்துண்டால் சுவரெல்லாம் ஐந்து இதழ்ப் பூவாக வரைந்து காட்டினேன். “நல்லாருக்கு” என்று கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். நோட்டை மட்டும் தரவில்லை. அன்றைக்கு அழுதுகொண்டே பெட்டி ஒட்டினேன்.

அழுகையின் நடுவே அவள் என்னைக் கூப்பிட்டாள். “ஏட்டி, இங்கன வந்து பாரேன்!” பிளேடால் அறுத்த பூ அவள் உள்ளங்கையில் இருந்தது. நடுவே நிற்கும் மகரந்தக் காம்புகளில் சில நீளமாக வளைந்திருந்தன, சில சுண்டைக்காய்க் காம்புபோலக் குட்டையாக இருந்தன. “எத்தன வருசமா இந்தச் செடிக்குள்ள ஆட்டப் பத்திக்கிட்டு அலையுதேன். ஒருநாளும் பாக்கலையே.” அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பூவில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பரீட்சைக்கு முன்பே கையெழுத்துக் கிடைத்துவிட்டது. பிராக்டிகலும் தேறிவிட்டாள். ரெக்கார்டு நோட்டு வீட்டுக்கு வந்த அன்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கோணல் கோடுகள், ரப்பர் தேய்த்த கறைகள். எந்தப் படத்துக்குக் கீழும் ‘வெரி குட்’ இல்லை, வெறும் கையெழுத்துதான்.

அத்தை நோட்டை வாங்கி மூடினாள். பிறந்த ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அன்று முழுக்க அதைக் கீழே வைக்காமலே வீட்டுக்குள் நடமாடினாள். பக்கத்து வீட்டார் வந்தபோதும் விடவில்லை. படங்கள் கண்றாவியாக இருப்பதால் வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளைக் குனியச் சொல்லிக் காதில் ரகசியமாகச் சொன்னேன்:

“யாரும் கேட்டா இதக் காட்டாதீய அத்தே. நான் வரைஞ்சதக் காட்டுங்க.”

அத்தை சிரித்தாள். கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். நான் சொன்னதில் அவளுக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது என்று நம்பி, திருப்தியோடு விளையாடப் போனேன்.