ஒரு வருடம் முந்திய செபம்

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் தாள் அடுக்கும் பிரகாசியம்மாள், 2006 ஆகஸ்டில், மை பரவிக் கழித்துப்போட்ட தினசரித் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தாளுக்குத் தாள் அன்றைய நற்செய்தி இருந்தது. கிழமையைக் கவனிக்காமல் தேதியை மட்டும் பார்த்துக் காலையில் வாசித்துச் செபித்தாள்.

ஞாயிறு பூசையில் வேறு நற்செய்தி வாசித்தார்கள். அப்போதுதான் உறைத்தது: அச்சகத்தில் ஓடுவது அடுத்த வருடக் காலண்டர்!

பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் ஓடினாள்.

“சாமி, வாரம் பூரா அடுத்த வருசத்து வாசகத்தை வச்சுல்ல செபிச்சிருக்கேன்! அம்புட்டும் வீணாப் போச்சே!”

அவர் சிரித்துவிட்டார். “ஒண்ணும் வீணாகலம்மா. எல்லாம் ஆண்டவர் கணக்குல சேந்திருக்கும்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

“அப்ப அடுத்த வருசம் அந்த வாரம் எனக்கு லீவுதானே சாமி?”