பசங்களுக்குச் செல்லும் சான்றிதழ்

1. யாரும் படிக்கலாம் என்று எங்கள் கல்லூரி ஓர் இலவச இணைய வகுப்புக்கு நோட்டீஸ் ஒட்டியது.
2. லேப் அட்டெண்டர் அம்மாவும் என் மாணவர்களும் அதை முடித்தார்கள். அந்தச் சான்றிதழால் மாணவர்களுக்கு மதிப்பெண் சேர்ந்தது.
3. லேப் டெக்னீசியன் வேலைக்கு அந்த அம்மா கொடுத்த அதே சான்றிதழ் செல்லாது என்றார் முதல்வர்.

அந்த அம்மா மொரப்பூரிலிருந்து வருபவர். நரைத்த கொண்டை, புடவைமேல் நீலக் கோட்டு. ஆங்கில வீடியோவை வரிக்கு வரி நிறுத்தி, பழைய ரெக்கார்டு தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொள்வார்.

"வூட்டுல ஃபோன்ல பாத்ததெல்லாம் படிப்பாம்மா?" என்றார் முதல்வர்.

"பசங்களும் ஃபோன்லதாங்க பாத்தாங்க. புரியலைன்னா எங்கிட்டதாங்க வந்தாங்க."

முதல்வர் கோப்பை மூடினார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கக்கேட்டில் எனக்கும் பங்குண்டு.

டெக்னீசியன் இடம் இன்னும் காலி. அந்த வேலையை அவர்தான் பார்க்கிறார், அட்டெண்டராகவே.